காபராவுக்குத் தமிழ் என்ன?

அதை நான் முதன்முதலில் நேரில் பார்த்தது 2016 ஜனவரியில், சங்கராந்திக்கு மறுநாள். பாகாலாவில் வீட்டு வாசலில் அக்கா கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். குனிந்து புள்ளி வைத்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்து சுவரைப் பிடித்தாள். முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது. பனி விலகாத காலை. அவள் ரவிக்கையோ முதுகோடு ஒட்டிக்கொண்டு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கழுத்தில் நரம்பு துடிப்பது தெருவில் நின்ற எனக்குத் தெரிந்தது. "தலை பிளக்குதுடா" என்றாள். அடுத்த வார்த்தைக்குத் தெலுங்குக்குப் போய்விட்டாள். "காபராகா உந்தி."

மாமா ஓடிப்போய் ஆட்டோ கூட்டிவந்து, பக்கத்து டாக்டரை எழுப்பி, அவர் பி.பி. கருவியின் பட்டையைக் கையில் சுற்றி முடிப்பதற்குள் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. 130க்கு 80. நாடி சீராக இருந்தது. அக்கா வெட்கத்தோடு எங்களைப் பார்த்தாள். திருட்டுப் போய்விட்டது என்று போலீசைக் கூட்டிவந்த பிறகு நகை அலமாரியிலேயே இருந்தால் எப்படி இருக்கும், அப்படி.

பாகாலாவைத் தெரியாதவர்களுக்கு: காட்பாடியிலிருந்து சித்தூர் வழியாகத் திருப்பதி போகும் ரயில் பாதையில் வரும் ஜங்ஷன் அது. தர்மாவரம் பாதை அங்கேதான் பிரிகிறது. நாங்கள் வளர்ந்த காலத்தில் சித்தூர் மாவட்டம். 2022இல் மாவட்டங்களைப் பிரித்தபோது திருப்பதி மாவட்டமாகிவிட்டது. ரயில்வே உத்தியோகத்துக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அப்பா மீட்டர் கேஜ் காலத்து கார்டு. வீட்டுக்குள் தமிழ், வாசற்படி தாண்டினால் தெலுங்கு. நான் தமிழ் எம்.ஏ. படிக்கச் சென்னைக்குப் போனவன், பத்திரிகையில் ஒட்டிக்கொண்டு மொழிபெயர்ப்பே பிழைப்பாகிவிட்டது. அக்கா உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டு, தெலுங்கு மீடியம் பள்ளியில் ஆசிரியையானாள். சண்டை போடுவதும் சாமி கும்பிடுவதும் தமிழில். உடம்புக்கு ஏதாவது என்றால் மட்டும் தெலுங்கு.

அந்த வருடம் கோடை விடுமுறையில் அவளைச் சென்னைக்கு வரவழைத்து, பெயர்பெற்ற ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். மூன்று மணி நேரம் காத்திருந்து உள்ளே போனால் கிடைத்தது ஆறேழு நிமிடம். அக்கா தெலுங்கில் சொன்னாள். நான் டாக்டருக்காக ஆங்கிலத்தில் சொன்னேன். தொழிலே அதுதானே, நமக்குத் தெரியாததா என்ற மிதப்பு இருந்தது. "கள்ளு திருகுதுன்னாயி" என்றாள். தெலுங்கில் மயக்கம் வந்தால் கண்கள் சுற்றும், தமிழில் தலை சுற்றும். (தெலுங்கில் கள்ளு என்றால் கண்கள். தமிழில் கள்ளுக் குடித்தாலும் சுற்றும்தான்.) இதைச் சமாளித்துவிட்டேன். "காபரா" வந்தது. இந்தியிலிருந்து புறப்பட்டு தெலுங்கிலும் சென்னைத் தமிழிலும் குடியேறிய சொல். பதற்றம், கலக்கம், படபடப்பு, திகில் எல்லாம் அதற்குள் அடக்கம். எனக்குச் சட்டென்று வாயில் வந்தது "ஆங்ஸைட்டி." டாக்டரின் பேனா ஒருமுறை நின்றது, பிறகு அதே சொல்லைச் சீட்டில் எழுதியது.

அவள் முகம் வெளுத்ததை நான் சொல்லவில்லை. ரவிக்கை நனைந்ததைச் சொல்லவில்லை. அவள் அவற்றை வாயால் சொல்லவில்லையே! சொன்னதை மட்டும் மொழிபெயர்ப்பதுதான் மொழிபெயர்ப்பாளனின் தர்மம் என்று நான் பல கூட்டங்களில் பேசியிருக்கிறேன். கண்ணால் பார்த்த சாட்சி அங்கே மொழிபெயர்ப்பாளனாக உட்கார்ந்திருந்தான்.

இரண்டு வருடம் மனப் பதற்றத்துக்கான மாத்திரை சாப்பிட்டாள். வாரத்துக்கு ஒன்றாக இருந்தது வாரத்துக்கு மூன்றாயிற்று. குனிந்தால் வந்தது, வயிறு முட்டச் சாப்பிட்டால் வந்தது, ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருந்தபோதும் வந்தது. மாதவிலக்கு நிற்கிற வயசு என்றார்கள். மகளுக்கு வரன் அமையாத கவலை என்றார்கள். காற்று கருப்பு என்று சொல்லி ஒருத்தர் தாயத்து கட்டினார். எதையும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. நான் கொடுத்த விளக்கமும் அந்த வரிசையில் ஒன்றுதான். இடையில் பி.பி.யும் நிரந்தரமாக ஏறியது. உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். ஆவக்காய் ஜாடி பரணுக்குப் போயிற்று.

2018 ஜூலையில் விலாவில் வலி. சிறுநீரகக் கல்லாக இருக்கும் என்று திருப்பதியில் ஸ்கேன் எடுத்தார்கள், பிறகு சி.டி. ஸ்கேன். கல் இல்லை. தேடாத இரண்டு பொருள்கள் கிடைத்தன. வலது சிறுநீரகத்தில் 1.3 சென்டிமீட்டரில் ஆஞ்ஜியோமயோலிப்போமா. இடது அட்ரினல் சுரப்பியில் 4.6 சென்டிமீட்டரில் ஒரு கட்டி. கீழே ஒரு வரி: இரண்டும் 'பினைன்' ஆக இருக்கலாம், அட்ரினல் கட்டிக்கு மேற்கொண்டு பரிசோதனை தேவை.

மாமா வாட்ஸப்பில் அனுப்பியதை நான் அலுவலகத்தில் உட்கார்ந்தபடி மொழிபெயர்த்தேன். பினைன் என்பதற்குத் தமிழில் 'தீங்கற்ற' என்ற சொல்லைத்தான் நாங்கள் பத்து இருபது வருடமாகப் பயன்படுத்திவருகிறோம். போனில் சொன்னேன்: "புற்றுநோய் இல்லை. தீங்கற்ற கட்டி." அம்மா கோயிலுக்குப் போய்ச் சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். வரியின் பின்பாதி பொங்கல் வாசனையில் காணாமல் போயிற்று. நான்கு மாதம் யாரும் எந்த டாக்டரிடமும் போகவில்லை.

வீட்டில் எல்லோரையும் பயமுறுத்தியது அந்த ஆஞ்ஜியோமயோலிப்போமாதான். பெயர் நீளம், அதோடு சிறுநீரகம் என்றால் நம்மவர்களுக்கு டயாலிசிஸ் வரைக்கும் மனம் ஓடிவிடும். உண்மையில் அது ரத்தக்குழாயும் தசையும் கொழுப்பும் சேர்ந்து உருண்ட ஒரு கட்டி. பெயரில் இருப்பதும் அந்த மூன்றும்தான். கொழுப்பு இருப்பதால் சி.டி. ஸ்கேனில் பெரும்பாலும் பார்த்தவுடனே தெரிந்துவிடும். பெண்களுக்கு அதிகமாக வரும். சின்னதாக இருக்கும்வரை எந்த அறிகுறியும் கிடையாது. 4 சென்டிமீட்டரைத் தாண்டினால் உள்ளே ரத்தம் கசியும் அபாயம் கூடும். அப்போது விலாவில் திடீரென்று கடும் வலி, சிறுநீரில் ரத்தம், மயக்கம். கர்ப்ப காலத்தில் கூடுதல் கவனம் வேண்டும். இரண்டு சிறுநீரகத்திலும் கொத்துக் கொத்தாக இருந்தால், தோலையும் மூளையையும் பாதிக்கும் ஒரு பரம்பரை நோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சிறுநீரகத்திலேயே ஆன்கோசைட்டோமா என்று இன்னொன்று உண்டு. சாதுவானதுதான், ஆனால் ஸ்கேனில் புற்றுநோயைப் போலவே தெரியும். வெட்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்த பிறகுதான் பலருக்கு நிம்மதி. அக்காவுடையது 1.3 சென்டிமீட்டர். அவ்வப்போது ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டால் போதும். இன்றுவரை வளரவில்லை.

நாங்கள் அலட்சியம் செய்தது மற்றதை. சிறுநீரகத்தின் தலையில் குல்லாய் வைத்தாற்போல உட்கார்ந்திருக்கிறது அட்ரினல். பாடப்புத்தகத்தில் அண்ணீரகச் சுரப்பி. ஒன்று நான்கைந்து கிராம் இருந்தால் அதிகம். அதில் வரும் கட்டி பெரிதாகி எதையாவது நெருக்கினால்தான் தொந்தரவு என்று நான் நினைத்திருந்தேன். இந்தச் சுரப்பியில் விவகாரமே வேறு. கட்டி சுண்டைக்காய் அளவில் இருந்துகொண்டே, கேட்காமல் ஹார்மோனை ரத்தத்தில் கொட்டலாம். பரவாது என்பதுதான் மருத்துவத்தில் பினைனுக்குப் பொருள். தீங்கு செய்யாது என்பது நாங்கள் சேர்த்துக்கொண்டது.

நவம்பரில் ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு அக்காவுக்கு வாந்தி. ஒரு நர்சிங் ஹோமில் வாந்தி நிற்க மெட்டோகுளோபிரமைடு ஊசி போட்டார்கள். லட்சக்கணக்கானவர்களுக்கு ஒன்றும் செய்யாத, தினமும் போடுகிற ஊசி. அக்காவுக்குச் சில நிமிடத்தில் பி.பி. 240க்கு 130. தலையைப் பிடித்துக்கொண்டு அலறினாளாம். எல்லோரும் ஊசிக்கு ஒவ்வாமை என்று ஓடிக்கொண்டிருக்க, இரவுப் பணியிலிருந்த ஓர் இளம் டாக்டர் மட்டும், மாமா கையிலிருந்த மஞ்சள் பையைப் பிடுங்கி அதிலிருந்த பழைய காகிதங்களைப் புரட்டினார். சி.டி. ஸ்கேன் அறிக்கையில் விரலை வைத்து, "இதை யாரும் பார்க்கலையா?" என்றார். விடிந்ததும் வேலூருக்குப் போகச் சொன்னார். அங்கே பார்க்கும்வரை பல் பிடுங்கக்கூட யாரும் கை வைக்கக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார். அவர் பெயரைக்கூட யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

பாகாலாவிலிருந்து வேலூர் நூறு கிலோமீட்டர்கூட இல்லை. ரயிலேறினால் காட்பாடி. எங்கள் பக்கத்தில் பெரிய வியாதி என்றால் திருப்பதிக்கு அடுத்தபடி வேலூர்தான். நான் சென்னையிலிருந்து நேராக அங்கே போய்ச் சேர்ந்துகொண்டேன். நாளமில்லாச் சுரப்பிப் பிரிவில் ஓர் அம்மாள். நான் ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "நீங்க இருங்க சார். அவங்களே சொல்லட்டும்." பிறகு சித்தூர்த் தெலுங்கில் அக்காவிடம் கேட்டார். முகம் சிவக்குமா, வெளுக்குமா? எத்தனை நிமிஷம்? வேர்வை உள்ளங்கையிலா, உடம்பு முழுக்கவா? குனிந்தால் வருமா? சிறுநீர் கழிக்கும்போது வருமா? கடைசியாக ஒன்று: பயம் முதலில் வருமா, நெஞ்சுத் துடிப்பு முதலில் வருமா?

அக்கா யோசிக்கவே இல்லை. "துடிப்பு முதல்ல. அப்புறம் தலைவலி, வேர்வை. பயம் கடைசியில. செத்துப்போயிடுவேனோன்னு."

நான் 'ஆங்ஸைட்டி' என்று போட்டதில் அந்த வரிசை தலைகீழாகிவிட்டிருந்தது.

திடீர்த் தலைவலி, வேர்வை, நெஞ்சு படபடப்பு. மூன்றும் சேர்ந்து வந்து, சிறிது நேரத்தில் தானே அடங்கி, மறுபடி வந்தால், கூடவே பி.பி.யும் எகிறினால், ஃபியோகுரோமோசைட்டோமாவை நினைக்க வேண்டும் என்பது மருத்துவ மாணவர்களின் பாலபாடம். அட்ரினலின், நாரட்ரினலின் இரண்டையும் அளவில்லாமல் சுரக்கும் கட்டி. பாம்பைக் கண்டால் உடம்பு என்ன செய்யுமோ அதைப் பாம்பே இல்லாமல் செய்யவைக்கும். பயந்தவர்களின் முகம் போல முகம் வெளுப்பதும் அதனால்தான். ரத்த அழுத்தக்காரர்கள் நூறு பேரில் ஒருவருக்குக்கூட இது இருக்காது என்பதால் டாக்டர்கள் பலர் வாழ்நாளில் ஒன்றிரண்டைத்தான் பார்த்திருப்பார்கள். அவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். எனக்கு அந்த யோக்கியதை இல்லை.

1886இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் ஃபெலிக்ஸ் ஃப்ராங்கெல் என்ற டாக்டர் எழுதிய குறிப்புதான் இந்த வியாதியின் முதல் தெளிவான பதிவு. மின்னா ரோல் என்ற 18 வயதுப் பெண். திடீர் திடீரென்று படபடப்பு, தலைவலி, முகம் வெளுப்பது. இறந்த பிறகு பார்த்தால் இரண்டு அட்ரினலிலும் கட்டி. பெயர் வைத்தவர் பெர்லினைச் சேர்ந்த லுட்விக் பிக், 1912இல். குரோமியம் உப்பு பட்டால் இந்தக் கட்டியின் செல்கள் கருமையாகிவிடும். மங்கிய நிறம் என்ற கிரேக்கச் சொல்லை வைத்துப் பெயர் கட்டினார். இதற்கு நிலைத்துவிட்ட தமிழ்ச் சொல் எதுவும் இல்லை. நானும் ஒன்றை உண்டாக்கப் போவதில்லை. 1926இல் சுவிட்சர்லாந்தில் செசார் ரூவும் அமெரிக்காவில் சார்லஸ் மேயோவும் தனித்தனியே இதை வெட்டி எடுத்து நோயாளியைப் பிழைக்கவைத்தார்கள். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஐசனோவருக்கு நெடுநாள் ரத்த அழுத்தம் இருந்தது. 1969இல் அவர் இறந்த பிறகு நடந்த சோதனையில்தான் இடது அட்ரினலில் ஒன்றரை சென்டிமீட்டரில் இதே கட்டி இருந்தது தெரிந்தது. உலகத்தின் சிறந்த டாக்டர்கள் சுற்றி நின்ற மனிதர்! அக்காவிடம் இதைச் சொன்னபோது கொஞ்சம் பெருமைப்பட்டாள் என்றே நினைக்கிறேன்.

அந்தப் பிரிவின் வராந்தாவில் உட்கார்ந்த நாட்களில் அட்ரினல் செய்யும் மற்ற சேட்டைகளையும் பார்த்தேன். லாரி ஓட்டும் ஒருவர்; மூன்று மாத்திரை சாப்பிட்டும் பி.பி. இறங்கவில்லை. சில காலைகளில் கால் எழவே மாட்டேன் என்கிறது, கெண்டைக்காலில் பிடிப்பு, இரவெல்லாம் சிறுநீருக்கு எழுந்திருக்க வேண்டும். ரத்தத்தில் பொட்டாசியம் தரைமட்டம். அட்ரினல் கட்டி ஆல்டோஸ்டிரோனைக் கொட்டுகிறது. 1954இல் மிச்சிகனில் ஜெரோம் கான் என்ற டாக்டர் இதே அறிகுறிகளோடு வந்த 34 வயதுப் பெண் ஒருத்தியை வைத்துக் கண்டுபிடித்தது. அவர் பெயராலேயே வழங்குகிறது. இது அபூர்வமும் அல்ல. ரத்த அழுத்தக்காரர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு இந்த ஹார்மோன் மிகுதிதான் காரணம் என்கிறார்கள். கட்டியில்லாமல் சுரப்பி வீங்கியும் வரும்.

இன்னொரு பெண் குடியாத்தம் பக்கம். முகம் பௌர்ணமி நிலா போல. ஊரில் எல்லோரும் "பூசினாப்பல ஆயிட்டே, வீட்டுக்காரர் நல்லா வெச்சிருக்கார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்களாம். அவளுக்கோ உட்கார்ந்தால் தொடையில் பலமில்லாமல் எழ முடியவில்லை. வயிற்றில் ஊதா நிறக் கோடுகள், தொட்டால் கன்றிப்போகும் தோல், புதிதாகச் சர்க்கரை. கார்ட்டிசாலைக் கொட்டும் கட்டி. நம் ஊரில் ஆரோக்கியத்துக்குச் சொல்லும் வாழ்த்தே இங்கே அறிகுறியாகிவிடுகிறது. இன்னும் பலருக்கு வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாக அட்ரினல் கட்டி தெரிகிறது. நடுவயதைத் தாண்டியவர்களுக்கு ஸ்கேன் எடுத்தால் நூற்றுக்கு மூன்று நான்கு பேருக்கு இருக்கும். பெரும்பாலானவை ஊமைக் கட்டிகள். ஊமைதானா என்று ஒருமுறை ஹார்மோன் பரிசோதனை செய்து தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் அறிக்கையில் நான் விட்டுவிட்ட பின்பாதி வரி அதுதான்.

அக்காவுக்கு 24 மணி நேரச் சிறுநீரை ஒரு கேனில் சேர்த்துக் கொடுக்கச் சொன்னார்கள். உள்ளே அமிலம் ஊற்றியிருக்கிறது, கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற எச்சரிக்கையோடு. பள்ளியில் நாற்பது பிள்ளைகளை மேய்ப்பவள் அந்தக் கேனைச் சேலைத் தலைப்பால் மூடியபடி லாட்ஜ் படியேறியதைப் பார்த்தபோது எனக்குத் தாங்கவில்லை. மெட்டாநெஃப்ரின் என்ற பொருள் இருக்க வேண்டியதைப் போல எட்டு மடங்கு இருந்தது.

உடனே அறுவை என்று நினைத்தோம். அவசரப்பட்டால் ஆள் போய்விடும் என்றார்கள். மயக்க மருந்து கொடுத்துக் கட்டியைத் தொட்டவுடன் அது கையிருப்பை எல்லாம் ரத்தத்தில் கொட்டும். முதலில் இரண்டு வாரம் பிரசோசின் கொடுத்து, இறுகிக் கிடக்கும் ரத்தக்குழாய்களைத் தளர்த்த வேண்டும். நெஞ்சுத் துடிப்பை அடக்கும் மாத்திரை அதற்குப் பிறகுதான். வரிசை மாறினால் ஆபத்து. மறுபடியும் வரிசை! தளர்ந்த குழாய்களை நிரப்ப நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், உப்பு தாராளமாகச் சேர்க்க வேண்டும். அக்கா மூன்று முறை கேட்டு உறுதிசெய்துகொண்டாள். பரணிலிருந்த ஆவக்காய் ஜாடி வேலூர் லாட்ஜுக்கு வந்து சேர்ந்தது. மாத்திரையால் மூக்கடைத்துக்கொண்டு, எழுந்தால் தலை சுற்றி (இந்த முறை அவளும் தலை என்றே சொன்னாள்), கட்டிலில் சாய்ந்தபடி அவள் ஆவக்காய்ச் சோறு பிசைந்து சாப்பிட்டதை என்னால் மறக்க முடியாது.

2018 டிசம்பரில் லேப்ராஸ்கோப்பி மூலம் எடுத்தார்கள். சிறிய எலுமிச்சம்பழம் அளவு. கட்டியைக் கையாளும்போது பி.பி. 210 வரை ஏறியது, அதன் ரத்தநாளத்தைக் கட்டியதும் 80க்கு விழுந்தது என்று மயக்க மருந்து டாக்டர் பிறகு சொன்னார். ஏதோ மழை பெய்து ஓய்ந்தது என்கிற குரலில்.

டிஸ்சார்ஜ் அன்று அந்த அம்மாளிடம் கேட்டேன்: "இது தீங்கற்ற கட்டிதானே?" அவர் சொன்னது எனக்குப் புதிது. 2017இல் உலக சுகாதார நிறுவனம் தன் வகைப்பாட்டைத் திருத்தியபோது, ஃபியோகுரோமோசைட்டோமாவுக்கு பினைன் என்று பெயர் சூட்டுவதையே கைவிட்டுவிட்டது. பெரும்பாலானவை பரவுவதில்லை. ஆனால் எது பல வருடம் கழித்துப் பரவும் என்பதை நுண்ணோக்கியில் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் ஆயுள் முழுக்க வருடாவருடம் பரிசோதனை. நான் பாடுபட்டு மொழிபெயர்த்த சொல் மூலத்திலேயே அடிக்கப்பட்டிருந்தது.

பிறகு அவர் கேட்டார்: "குடும்பத்துல வேற யாருக்காவது?" ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது பரம்பரையாக வருவது. ஃப்ரைபர்க் பெண் இறந்து 120 வருடம் கழித்து, அவளுடைய உறவினர் வழியில் வந்தவர்களைத் தேடிப் பிடித்து, மரபணுக் கோளாறு இன்னும் அந்தக் குடும்பத்தில் ஓடுவதை 2007இல் நிரூபித்தார்கள். நான் "யாரும் இல்லை" என்றேன். அம்மா அதுவரை பேசாமல் இருந்தவள்.

"அவங்கப்பாவுக்கும் இப்படித்தாங்க ஆகும். பச்சைக்கொடி காட்டிட்டு பிரேக் வேன்ல உட்காருவாராம், சட்டை நனைஞ்சிருக்குமாம். மூஞ்சி வெள்ளைக் காகிதம் மாதிரி. எஞ்சின் சூடுன்னு சொல்லுவாரு."

கார்டு இருப்பது ரயிலின் கடைசிப் பெட்டியில். எஞ்சின் இருப்பது முதலில். இத்தனை வருடத்தில் எங்களில் யாருக்கும் அது உறைக்கவில்லை. அப்பா 1989இல் கதிரி ஸ்டேஷன் பிளாட்ஃபாரத்தில் விழுந்து இறந்தார். வயது 46. மாரடைப்பு என்று எழுதியிருந்தார்கள்.

அக்காவின் மரபணுப் பரிசோதனையில், இதுவரை தெரிந்த மரபணுக்களில் கோளாறு எதுவும் இல்லை என்று வந்தது. அப்படியானால் அப்பாவுக்கு வந்தது வெறும் மாரடைப்பாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கேட்பதற்கு அவர் இல்லை. எதற்கும் நீங்களும் ஒருமுறை கொடுத்துவிடுங்கள் என்றார் அந்த அம்மாள். நானும் ஒரு கேனைத் துணிப்பையில் மறைத்துக்கொண்டு அதே லாட்ஜ் படியேறினேன். அளவு சரியாக இருந்தது.

அக்காவுக்கு இப்போது அந்தக் கால் மணி நேரங்கள் இல்லை. பி.பி. மாத்திரை ஒன்று மட்டும் மிச்சம். ஒவ்வொரு டிசம்பரிலும் வேலூருக்குப் போய்வருகிறாள். போன முறை நானும் போயிருந்தேன். முறை வந்து உள்ளே கூப்பிட்டபோது, எழுந்த என் தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டு, மஞ்சள் பையை வாங்கிக்கொண்டு தனியாகப் போனாள்.